‘நம்ம ஊர் ஆள்தானே’ என்று அறை எடுப்பதற்கு முன்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில் வந்து மூன்று வாரம் ஆகிறது. வேலை சாங்கி பிசினஸ் பார்க்கில். அடுத்த மாதம் மனைவியும் நாலு வயது மகளும் வருகிறார்கள். வாடகைக்கு மாதம் 3,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை ஒதுக்க முடியும். இதற்கிடையில் ஊர்க்காரர் ஒருவர், தான் வாடகைக்கு இருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அரசு அடுக்குமாடி) வீட்டில் ஓர் அறையை 900 வெள்ளிக்குத் தருகிறேன், பணம் கையில் கொடுத்தால் போதும், ஒப்பந்தம் கிப்பந்தம் எதுவும் வேண்டாம் என்கிறார். அங்கே தங்கிக்கொண்டு மெதுவாக முழு வீடு தேடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். அவர் நல்லவராகவே இருக்கலாம், அதைப் பற்றிப் பேச்சில்லை. அந்த அறையை உங்களுக்குத் தர அவருக்கு உரிமை கிடையாது. வீவக வீட்டில் வாடகைக்கு இருப்பவர் அதை இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விடக் கூடாது. உரிமையாளரேதான் விட வேண்டும், கழகத்திடம் முன்அனுமதி வாங்க வேண்டும், குடியிருக்கப் போகும் ஒவ்வொருவர் பெயரையும் பதிய வேண்டும். அறையாக விட்டால் உரிமையாளரும் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். ஓர் அறையைப் பூட்டி வைத்துவிட்டு ‘நானும் இங்கேதான் இருக்கிறேன்’ என்று சொல்வது பழைய தந்திரம், அதுவும் விதிமீறல்தான். குறைந்தபட்ச வாடகைக் காலம் வேறு 6 மாதம். ‘ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகிறேன்’ என்பதற்கு வீவக வீட்டில் இடமே இல்லை.

இது எனக்குப் பட்டுத் தெரிந்தது. 2008இல் நான் வந்தபோது ஈசூனில் ஒரு வீட்டில் இப்படித்தான் நுழைந்தேன். எங்கள் மாவட்டத்துக்காரர், ‘தம்பி, உனக்கில்லாததா’ என்றார். இரண்டு மாத முன்பணம் கையில் வாங்கிக்கொண்டார். மூன்று அறையில் ஒன்பது பேர். நாலாவது மாதம் அதிகாரிகள் சோதனைக்கு வந்தார்கள். அதுவரை வீட்டுக்காரரின் முகத்தையே நான் பார்த்ததில்லை. அன்று மாலையே பெட்டியைத் தூக்கிக்கொண்டு நண்பன் அறைக்குப் போனேன். முன்பணத்தைக் கேட்டால் ‘எனக்கே ஓனர் தரலையே தம்பி’ என்ற பதில். அவரிடம் நான் பணம் கொடுத்ததற்குக் காகிதத்தில் ஓர் எழுத்து கிடையாது. எங்கே போய்ச் சொல்வது?

சரி, இப்போதைக்கு எங்கே தங்குவது? தனியார் வீடு, காண்டோ (தனியார் அடுக்குமாடி) என்று போனாலும் 3 மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது சட்டப்படி செல்லாது. 2017 ஜூன் வரை அங்கேயும் 6 மாதமாக இருந்தது, பிறகுதான் 3 ஆனது. வாரக்கணக்கில் வீடு தருவதாக வரும் விளம்பரங்களைத் தாண்டிப் போய்விடுங்கள். முறையாகக் கிடைப்பது ஹோட்டல், ஹாஸ்டல், உரிமம் பெற்ற சர்வீஸ் அப்பார்ட்மென்ட். செலவுதான், மறுக்கவில்லை. அலுவலகத்தில் ஹெச்ஆரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். புதிதாக வருபவர்களுக்கு இரண்டு, நாலு வாரத் தங்கல் தரும் நிறுவனங்கள் உண்டு, கேட்காதவர்களுக்குச் சொல்வதில்லை. அதுவும் இல்லையென்றால் குடும்பம் வருவதை இரண்டு வாரம் தள்ளிவைத்துவிட்டுத் தனியாளாக ஹாஸ்டலில் சமாளிக்கலாம். வீடு பார்ப்பதிலிருந்து சாவி கைக்கு வருவதற்கு, விரட்டி வேலை செய்தால், மூன்று நாலு வாரம் போதும்.

வீடு தேடத் தொடங்கும்போது முதல் குழப்பம் அறைக் கணக்கில் வரும். இங்கே ‘நாலறை வீடு’ என்றால் மூன்று படுக்கையறையும் ஒரு கூடமும். நம் ஊர்க் கணக்கில் மூன்று பிஎச்கே. ‘மூவறை’ என்றால் இரண்டு படுக்கையறை. இது தெரியாமல் நாலு படுக்கையறை என்று நினைத்துக்கொண்டு போய் ஏமாந்தவர்கள் நிறைய. காண்டோ விளம்பரத்தில் மட்டும் படுக்கையறையை நேராகவே எண்ணுவார்கள்.

உங்கள் வேலையிடத்துக்கு தெம்பனிஸ் வசதி. டௌன்டவுன் ரயில்பாதை 2017இல் எக்ஸ்போ வரை நீண்ட பிறகு, தெம்பனிஸிலிருந்து எக்ஸ்போ மூன்றாவது நிறுத்தம். சீமெய், பிடோக், பாசிர் ரிஸ் பக்கமும் பாருங்கள். நம்மவர்கள் பலரும் முதலில் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் வீடு வேண்டும் என்பார்கள். சிராங்கூன் சாலையில் மளிகை வாங்க மாதம் இரண்டு தடவை போனால் போதும், அதற்காகத் தினம் ஒன்றரை மணி நேரம் ரயிலில் நிற்க வேண்டியதில்லை. முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் இப்போது எந்தப் பேட்டையின் ஈரச்சந்தையிலும் கிடைக்கிறது. மகளின் பள்ளியைப் பற்றி மட்டும் முன்கூட்டியே யோசியுங்கள். இந்தியப் பாடத்திட்டப் பள்ளிதான் வேண்டும் என்றால், ஜிஐஐஎஸ் பொங்கோலில் இருக்கிறது, யுவபாரதி உட்லண்ட்ஸில் இருக்கிறது. நாலு வயதுக் குழந்தை பள்ளிப் பேருந்தில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கும் என்று பார்த்துவிட்டு வட்டாரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

வாடகை நிலவரம்: 2022 ஒரே ஆண்டில் தனியார் வீட்டு வாடகை ஏறக்குறைய 30 விழுக்காடு ஏறியது. கோவிட் காலத்தில் கட்டுமானம் தேங்கியதுதான் முக்கியக் காரணம். பிறகு வேகம் அடங்கிவிட்டது, ஆனால் பழைய விலைக்குத் திரும்பவில்லை. உங்கள் 3,200இல் கிழக்கு வட்டாரத்தில் மூவறை வீவக வீடு தாராளமாகப் பார்க்கலாம், நாலறை என்றால் பேரம் பேச வேண்டியிருக்கும். பேரத்துக்கு ஆயுதம் ஒன்று இருக்கிறது. வீவக ஒவ்வொரு காலாண்டும் வட்டார வாரியாக நடு வாடகையை வெளியிடுகிறது. காண்டோ என்றால் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் தளத்தில், அதே கட்டடத்தில் போன மாதங்களில் கையெழுத்தான வாடகைகள் இருக்கும். அவை முத்திரை வரி கட்டிய ஒப்பந்தங்களிலிருந்து எடுத்தவை, விளம்பரக்காரர் ஆசைப்பட்டுப் போட்ட தொகை அல்ல. அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் திறந்து வைத்துக்கொண்டு பேசினால் ஏஜென்ட்டின் குரல் கொஞ்சம் இறங்கும்.

ஏஜென்ட் விஷயத்துக்கு வருவோம். இங்கே வீட்டு முகவர்கள் எல்லாரும் சிஇஏ என்கிற சொத்து முகவர் மன்றத்தில் பதிந்திருக்க வேண்டும். பதிவெண் ஆங்கில ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும். மன்றத்தின் தளத்தில் பெயரைத் தட்டினால் படமும் எண்ணும் வரும். விளம்பரத்தில் இருக்கும் கைப்பேசி எண்ணை நம்பாமல், பதிவேட்டில் இருக்கும் எண்ணுக்கே கூப்பிட்டுப் பாருங்கள், ஏனென்றால் உண்மையான முகவரின் பெயரையும் படத்தையும் திருடி வலை விரிக்கும் மோசடி இங்கே அடிக்கடி நடக்கிறது. வீட்டைப் பார்க்கும் முன்பே ‘இன்னொருவர் கேட்கிறார், 500 வெள்ளி போட்டுப் பிடித்து வையுங்கள்’ என்றாலே அது மோசடி என்று வைத்துக்கொள்ளுங்கள். வீவக வாடகையில் முகவர் உங்கள் பணத்தைத் தன் கணக்கில் வாங்கவே கூடாது, வாடகையும் முன்பணமும் நேராக உரிமையாளருக்குத்தான் போக வேண்டும். பேநவ்வில் (கைப்பேசி வழி உடனடிப் பணமாற்றம்) அனுப்பும்போது திரையில் வரும் பெயரைப் படித்துவிட்டு அழுத்துங்கள். சந்தேகம் வந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு மோசடித் தடுப்பு உதவி எண் இருக்கிறது. ஒரே முகவர் இரண்டு பக்கத்துக்கும் வேலை பார்த்து இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குவதற்கும் தடை உண்டு. உரிமையாளரின் முகவர் உங்களிடம் கமிஷன் கேட்டால், ‘நீங்கள் யாருடைய ஏஜென்ட்?’ என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். உங்களுக்கென்று தனி முகவர் வைத்தால், வழக்கமாக ஓராண்டு ஒப்பந்தத்துக்கு அரை மாத வாடகை, ஈராண்டுக்கு ஒரு மாத வாடகை. சட்டம் நிர்ணயித்த தொகை எதுவும் கிடையாது, பேசிக் குறைக்கலாம்.

இன்னொரு கசப்பான விஷயம், சொல்லாமல் விட்டால் நான் பாதி உண்மைதான் சொன்னதாகும். நீங்கள் தொலைபேசியில் பேசி முடித்ததும், ‘ஓனர் இந்தியர்களுக்குத் தர மாட்டார்’ என்று ஒரு சிலர் சொல்வார்கள். முகவர்கள் இனப் பாகுபாட்டோடு விளம்பரம் செய்யக் கூடாது என்று வழிகாட்டி நெறி இருக்கிறது, அதனால் இப்போது அதை அச்சில் போடுவதில்லை, வாயால் சொல்கிறார்கள். பெரும்பாலும் பயம் சமையலைப் பற்றியது. தாளிப்பு வாசனை திரையில் ஏறும், சுவரில் எண்ணெய் படியும் என்பார்கள். நான் செய்வது, முதல் அழைப்பிலேயே ‘குடும்பம், மூன்று பேர், தினமும் வீட்டில் சமைப்போம், அடுப்படியைச் சுத்தமாக வைத்திருப்போம், ஒப்பந்தம் முடியும்போது தொழில்முறையாகச் சுத்தம் செய்து தருவோம்’ என்று சொல்லிவிடுவது. பிடிக்காதவர் அங்கேயே விலகிவிடுவார், நமக்குப் பேருந்துக் காசு மிச்சம். ‘லைட் குக்கிங்’ என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் நூடுல்ஸும் முட்டையும்தான். சாம்பார் அதில் சேராது. முழு வீடு எடுக்கும்போது இந்தத் தொல்லை குறைவு, அறை எடுக்கும்போதுதான் அதிகம்.

வீவக முழு வீட்டை எடுக்கும்போது உங்களைப் போன்றவர்களுக்கு ஒரு தடை இருக்கிறது. மலேசியர் அல்லாத வெளிநாட்டவர் முழு வீடு எடுப்பதற்குப் பேட்டைக்கு 8 விழுக்காடு, புளோக்குக்கு 11 விழுக்காடு என்று வரம்பு உண்டு. அந்த புளோக்கில் வரம்பு நிரம்பியிருந்தால், உரிமையாளருக்கு விருப்பமிருந்தாலும் உங்களுக்குத் தர முடியாது. அதை அவர் வீவகவின் இணையச் சேவையில் பார்த்துக்கொள்ளலாம். ஆகவே பணம் தரும் முன், ‘கோட்டா பார்த்துவிட்டீர்களா?’ என்று கேளுங்கள். உரிமையாளர் சிங்கப்பூர்க் குடிமகனா என்றும் கேளுங்கள், நிரந்தரவாசிகள் முழு வீவக வீட்டை வாடகைக்கு விட முடியாது. குடிமக்களும் குறைந்தது 5 ஆண்டு அங்கே குடியிருந்த பிறகுதான் விடலாம். அவர்தான் உரிமையாளர் என்பதற்கு, சிங்பாஸில் (அரசுச் சேவைகளுக்கான மின்னடையாளம்) நுழைந்து தன் வீவக பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். நேர்மையானவர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார். அவரும் பதிலுக்கு உங்கள் அசல் பாஸையும் கடவுச்சீட்டையும் வாங்கிச் சரிபார்ப்பார், அது அவருக்குச் சட்டக் கடமை.

இனி தாள்கள். வீடு பிடித்ததும் ‘லெட்டர் ஆஃப் இன்டென்ட்’ என்று ஒன்று எழுதி, வழக்கமாக ஒரு மாத வாடகையை நன்னம்பிக்கைத் தொகையாகத் தருவீர்கள். நீங்கள் கேட்க நினைக்கும் எல்லாவற்றையும் இந்த ஒரு பக்கத் தாளிலேயே எழுதிவிடுங்கள். மெத்தை மாற்றித் தர வேண்டும், ஒழுகும் குழாயைச் சரிசெய்ய வேண்டும், வீவக அனுமதி கிடைக்காவிட்டால் பணம் முழுதும் திரும்ப வேண்டும், எதுவாக இருந்தாலும். ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகு கேட்டால் ‘அப்போதே சொல்லலையே’ என்பார்கள்.

ஒப்பந்தத்தில் எல்லா வரியையும் படியுங்கள், ஆனால் ‘டிப்ளமேட்டிக் கிளாஸ்’ என்ற பகுதியை இரண்டு முறை படியுங்கள். பெயரைப் பார்த்துத் தூதரகக்காரர்களுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். உங்களுக்கு வேலை போனாலோ, வேறு நாட்டுக்கு மாற்றினாலோ, பாஸ் புதுப்பிக்கப்படாவிட்டாலோ ஒப்பந்தத்தை இடையில் முறிக்க உதவுவது அதுதான். ஈராண்டு ஒப்பந்தத்தில் வழக்கமாக 12 மாதம் கழிந்த பிறகு, 2 மாத அறிவிப்புக் கொடுத்து வெளியேறலாம் என்றிருக்கும். அதாவது நடைமுறையில் 14 மாதம். ஓராண்டு ஒப்பந்தத்தில் பெரும்பாலும் இது இருக்காது. பாஸ் ரத்தானால் பொதுவாக 30 நாள் தங்கும் அனுமதிதான் கிடைக்கும், அறிவிப்புக் காலமோ 60 நாள். இந்த இடைவெளியில் உங்கள் முன்பணம்தான் கரையும். அதனால் ‘வேலை இழப்பு’ என்ற சொல் அந்தப் பத்தியில் வெளிப்படையாக இருக்கிறதா என்று பாருங்கள். ‘இடமாற்றம்’ என்று மட்டும் எழுதியிருந்த ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட என் சகா, ஆட்குறைப்பில் வேலை போன பிறகு நாலு மாத வாடகையைக் கட்டிவிட்டு ஊர் போனார். முன்கூட்டி வெளியேறினால் உரிமையாளர் தன் முகவருக்குக் கொடுத்த கமிஷனில் மீதிக் காலத்துக்கான பங்கையும் உங்களிடம் கேட்கும் வரி ஒன்று பக்கத்திலேயே இருக்கும், அது வழக்கமானதுதான்.

பழுதுபார்ப்புச் செலவில், ஒவ்வொரு பழுதுக்கும் முதல் 150 அல்லது 200 வெள்ளி உங்களுடையது, மீதி உரிமையாளருடையது என்று எழுதுவார்கள். ஏர்கானுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு சர்வீஸ், அது உங்கள் செலவு. அந்த ரசீதுகளைத் தொலைக்காதீர்கள். முதல் 30 நாளில் வரும் பழுதை உரிமையாளரே பார்ப்பார் என்ற வரியும் இருக்க வேண்டும். எழுதத் தெரியாது என்று உரிமையாளர் இழுத்தால், சொத்து முகவர் மன்றத்தின் தளத்தில் மாதிரி ஒப்பந்தம் இருக்கிறது, இறக்கிக் கொடுங்கள்.

கையில் எவ்வளவு வேண்டும்? 3,200 வெள்ளியில் ஈராண்டு என்றால், முன்பணம் வழக்கப்படி ஆண்டுக்கு ஒரு மாதம் வீதம் 6,400. முதல் மாத வாடகை 3,200. முத்திரை வரி, மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, 76,800க்கு 307 வெள்ளி. இது வாடகைக்கு வருபவர் கட்ட வேண்டியது, கையெழுத்திட்ட 14 நாளுக்குள். கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்ட முடியாது. ஆகமொத்தம் ஏறக்குறைய 10,000 வெள்ளி, கமிஷன் இருந்தால் இன்னும் மேலே. ஊரிலிருந்து பணம் வரவழைக்க வேண்டுமென்றால் இப்போதே ஏற்பாடு செய்யுங்கள்.

முன்பணத்தை மூன்றாம் ஆள் யாரும் பாதுகாத்து வைப்பதில்லை. அது உரிமையாளரின் கணக்கிலேயே கிடக்கும். அதைத் திரும்ப வாங்கும் வேலை நீங்கள் வீட்டைக் காலி செய்யும் நாளில் தொடங்குவதில்லை, சாவி வாங்கும் நாளிலேயே தொடங்குகிறது. பெட்டியை உள்ளே கொண்டுவரும் முன் வீடு முழுக்க வீடியோ எடுங்கள். தரைக் கீறல், சுவர் ஆணித்துளை, குளிர்ப்பெட்டி ரப்பர், கழிவறை மூலையில் பூஞ்சை, திரைச்சீலைக் கறை எல்லாவற்றையும். சன்னலைத் திறந்து மூடிப் பாருங்கள். அன்றைக்கே உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், தேதி தானாகவே நின்றுவிடும். காலி செய்யும்போது இருவரும் சேர்ந்து நடந்து பார்த்து, எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். கடைசி மாத வாடகையை முன்பணத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது, இங்கே அது ஒப்பந்த மீறல். பேச்சு முறிந்தால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 2 ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தம், 20,000 வெள்ளி வரை, வழக்கறிஞர் கிடையாது, நீங்களே பேசலாம். அங்கே அவர்கள் கேட்பது ஒப்பந்தமும் ரசீதும் படமும். உங்கள் ஊர்க்காரரின் 900 வெள்ளி அறையில் இந்த மூன்றில் ஒன்றும் இருக்காது.

நாளை நண்பர்கள் ‘ஒரு அறை சும்மாதானே இருக்கிறது, எனக்குத் தா’ என்று உங்களிடமும் கேட்பார்கள். பதில் உங்களுக்கு இப்போது தெரியும். எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. உறவினர் அல்லாதவர்கள் என்றால் ஒரு வீட்டில் 6 பேர் என்பதுதான் பொது விதி, 2024 ஜனவரியிலிருந்து நாலறையும் அதற்கு மேலுமான வீவக வீடுகளுக்கு அதைத் தற்காலிகமாக 8 ஆக்கியிருக்கிறார்கள். மீறினால் உரிமையாளரோடு நீங்களும் மாட்டுவீர்கள்.

குடிபுகும் தேதி பற்றிக் கேட்டிருந்தீர்கள், ஆடி பிறந்துவிடுமே என்று. சீன உரிமையாளரிடம் தயங்காமல் சொல்லலாம். அவர்களுக்கும் ஏழாம் மாதம் என்று ஒன்று உண்டு, ஏறக்குறைய நம் ஆடியை ஒட்டியே வரும், பலர் அந்த மாதத்தில் வீடு மாற மாட்டார்கள். ஒப்பந்தத்தை ஆனி கடைசியில் தொடங்கி, ஒரு நாள் பால் காய்ச்சிவிட்டுப் பிறகு சாமான்களைக் கொண்டுபோவதுதான் இங்கே பலரும் செய்வது. மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் எஸ்பி குழுமத்தில் கணக்குத் தொடங்க வேண்டும், பழையவர்கள் இன்னும் அதைப் ‘பியூபி பில்’ என்றுதான் சொல்வார்கள். குழாய் எரிவாயு தனி. சிட்டி எனர்ஜி ஆள் வந்து திறந்துவிட வேண்டும், அதற்கு முன்பதிவு தேவை. நாங்கள் நல்ல நேரம் பார்த்து, குத்துவிளக்கு ஏற்றி, பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்த பிறகுதான் எரிவாயு இணைப்பே இல்லை என்று தெரிந்தது. எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா இண்டக்‌ஷன் அடுப்பு கொடுத்தார். நீங்கள் இரண்டு நாள் முன்னதாகவே பதிந்துவிடுங்கள்.